நிமிர்ந்து நிற்கும் பேய் வீட்டு போர்ட் கேம்: கொழும்பில் எட்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் சேர்த்து எது சரிவரும்?

வெள்ளவத்தை_அலை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. டிசம்பர் லீவில் போனையும் டிவியையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு நாலு பேரும் சேர்ந்து இருந்து விளையாட ஒரு நல்ல போர்ட் கேம் தேடுகிறேன். கரம் இருக்கிறது, லூடோ இருக்கிறது, பாம்பும் ஏணியும் மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. மகன் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பேய் வீடு. தட்டையான போர்ட் இல்லை, அட்டைச் சுவரெல்லாம் எழும்பி நிற்கிறது, நடுவில் ஒரு புகைபோக்கி, மேலேயிருந்து சின்ன மண்டையோடு ஒன்றைப் போட்டால் அது எந்தப் பக்கத்தால் வரும் என்றே தெரியாமல் உருண்டு வந்து யாருடைய காயையாவது தட்டி விழுத்துகிறது. வீடியோவில் பெயர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்காத பாஷை.

புறக்கோட்டையில் கேட்டால் ரப்பர் முகமூடியும் பிளாஸ்டிக் சிலந்தியும் எடுத்துக் காட்டுகிறார்கள். பெரிய மோல்களில் மொனோபொலியும் ஊனோவும்தான் கண்ணில் படுகிறது. இது என்ன விளையாட்டு, இங்கே எப்படி எடுப்பது, ஐந்து வயதுக்காரி இரவில் எழும்பி அழாமல் விளையாடக்கூடியதா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, மாமி இப்போதே "பேய் சாமானைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டு வருவதா" என்று தொடங்கிவிட்டார். அதற்கும் யாரிடமாவது பதில் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

தாயக்கட்டை எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது அநேகமாக 'கோஸ்ட் காசில்'. 1985இல் வந்தது, மில்டன் பிராட்லி கம்பனியுடையது. அந்த மண்டையோடு இருட்டில் ஒளிரும், அதனால்தான் வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் லைட்டை நூத்துவிட்டு எடுக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு மூத்தது இருக்கிறது. 1970இல் அதே கம்பனி அமெரிக்காவில் 'விச் விட்ச்?' என்று ஒன்றை விட்டது. அதில் மண்டையோட்டுக்குப் பதில் உருண்டு வரும் ஒரு குண்டு. நாலு அறை, அறைகளைப் பிரிக்கும் சுவர், நடுவில் புகைபோக்கி, மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதேதான். சூனியக்காரியின் சீட்டு வந்தால் ஆள் எலியாகிவிடும், நல்ல சூனியக்காரியின் சீட்டு வந்து திரும்ப மனிதனாக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிரிட்டனில் இதே விளையாட்டு 'ஹோண்டட் ஹவுஸ்' என்ற பெயரில் விற்றது.

இவற்றுக்குப் பின்னால் இருந்தது சிக்காகோவில் மார்வின் கிளாஸ் என்பவர் நடத்திய ஸ்டூடியோ. 1963இல் வந்த 'மவுஸ் டிராப்' தெரிந்திருக்கும், உருளையும் வாளியும் சப்பாத்தும் ஒன்றையொன்று தட்டிக் கடைசியில் எலிக்கூடு விழுமே, அதுவும் அங்கேயிருந்து வந்ததுதான். போர்டை விளையாட்டுச் சாமானாக மாற்றியதில் அந்த ஸ்டூடியோவுக்குப் பெரிய பங்கு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் மூளைக்கு வேலை குறைவு. சுழற்று, நகர், குண்டைப் போடு, அவ்வளவுதான். பெரியவர்கள் மூன்றாவது ஆட்டத்தில் கொட்டாவி விடுவார்கள், பிள்ளைகள் முப்பதாவது ஆட்டத்திலும் கத்துவார்கள். யாருக்காக வாங்குகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

கொட்டாஞ்சேனை_அம்மா எழுதியது:

பயம் பற்றி நான் சொல்கிறேன், எனக்கும் வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கிறாள். நாலு ஐந்து வயதில் பேய், பூதம், கட்டிலுக்குக் கீழே இருப்பது, இதற்கெல்லாம் பயப்படுவது சாதாரணம்தான். எட்டு ஒன்பது வயதானால் பயம் கள்ளன், விபத்து, அம்மாவுக்கு வருத்தம் வந்துவிடுமோ என்ற பக்கம் திரும்பிவிடும். அதனால் ஒரே பெட்டியை உங்கள் மகன் சிரித்துக்கொண்டு பார்ப்பான், மகள் வேறு மாதிரிப் பார்ப்பாள்.

ஆனால் நான் கவனித்த ஒரு விஷயம் இருக்கிறது. படத்தில் பேய் எப்போது வரும் என்று பிள்ளைக்குத் தெரியாது, அதுதான் அவளை உலுக்குகிறது. இந்த மாதிரி விளையாட்டில் மண்டையோடு அவளுடைய கையில்தான் இருக்கிறது. அவள்தான் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணி, அண்ணனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகுதான் விடுவாள். என் சின்னவள் முதல் நாள் அம்மம்மாவின் மடியில் ஏறி இருந்து விளையாடினாள், பிறகு குண்டைப் போடுகிற முறை யாருடையது என்று சண்டையே அதற்குத்தான். பெட்டியின் மேல்படத்தை மட்டும் பாருங்கள், இரத்தம், கத்தி இருந்தால் வேண்டாம். உருண்டைக் கண்ணோடு வெள்ளைத் துணி போர்த்திய பேய் என்றால் ஒன்றும் ஆகாது. படுக்கப் போகும் முன் எடுக்காதீர்கள், பின்னேரம் நாலு மணிக்கு எடுங்கள்.

ஐந்து வயதுக்கு என்றால் 'கைஸ்டர்ட்ரெப்பே' என்று ஒரு ஜெர்மன் விளையாட்டு, 2004இல் அங்கே சிறுவர்களுக்கான ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது எடுத்தது. வீடு எழும்பி நிற்காது, பேய் வீட்டுப் படிக்கட்டில் ஏறுவதுதான் கதை. தாயத்தில் பேய் விழுந்தால் ஒரு வெள்ளைப் பேயை எடுத்து யாருடைய மரக் காய்க்கு மேலேயும் கவிழ்க்கலாம். உள்ளே காந்தம் இருப்பதால் காய் பேய்க்குள் ஒட்டிக்கொண்டுவிடும், தூக்கினாலும் கீழே யார் என்று தெரியாது. எல்லாரும் பேயானபின் இரண்டு பேயை இடம் மாற்றலாம். இரண்டு தடவை மாற்றினால் போதும், எனக்கு என்னுடைய காய் எது என்றே மறந்துவிடும், சின்னவளுக்கு மறக்காது. பெரியவர்கள் விட்டுக்கொடுக்காமலே தோற்கும் விளையாட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை, ஆகவே பாஷைப் பிரச்சினை கிடையாது.

மாமிக்குப் பதில்: கூப்பிட்டு ஒரு காயைக் கொடுத்து இருத்துங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தது.

வெள்ளவத்தை_அலை எழுதியது:

நன்றி இரண்டு பேருக்கும். மகனிடம் கோஸ்ட் காசில் பெயரைக் காட்டினேன், துள்ளுகிறான். ஆனால் வெளிநாட்டுத் தளங்களில் விலையைப் பார்த்தால் பரவாயில்லை போலிருக்கிறது, அனுப்பும் செலவு விளையாட்டின் விலையைத் தாண்டுகிறது. பெட்டி பாரமே இல்லையே, பிறகு ஏன் இப்படி?

பார்சல்_மாமா எழுதியது:

தங்கச்சி, கூரியர்காரர் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி பிடிக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பது வழக்கமான கணக்கு. 40க்கு 30க்கு 10 பெட்டி என்றால் 2.4 கிலோ வரும், உள்ளே இருப்பது 900 கிராம் அட்டையாக இருந்தாலும் காசு 2.4 கிலோவுக்குத்தான். நிமிர்ந்து நிற்கும் விளையாட்டெல்லாம் பெட்டி பெரிது, உள்ளே பாதி காற்று. அதன் மேல் இங்கே வந்து இறங்கியதும் சுங்கத்தில் வரி வேறு.

ஜெர்மனியிலோ சுவிஸிலோ லண்டனிலோ உங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். டிசம்பரில் யாராவது வருவார்கள். பெட்டியோடு கொண்டு வரச் சொல்லாதீர்கள், சூட்கேசில் இடமில்லை என்று சொல்லிக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். வெளிப்பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, சுவர் அட்டைகளைச் சூட்கேசின் அடியில் தட்டையாக வைத்து, காயையும் குண்டையும் ஒரு சிப் பையில் போட்டு சப்பாத்துக்குள் வைத்தால் வந்து சேரும். ஜெர்மன் விளையாட்டு ஜெர்மனியில் மலிவு, லண்டனில் பழைய சாமான் விற்கும் கடைகளில் எண்பதுகளின் பெட்டிகள் அவ்வப்போது வரும். பழையது வாங்கினால் குண்டு அல்லது மண்டையோடு இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள், முதலில் தொலைவது அதுதான்.

நேர்_பேச்சு எழுதியது:

எல்லாரும் சேர்ந்து இந்தப் புகைபோக்கியைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சுவர் எழும்பி நிற்பது கண்ணுக்குத்தான் விருந்து. ஒவ்வொரு தடவையும் பொருத்த வேண்டும், எடுத்து வைக்கும்போது கழற்ற வேண்டும், நாலு மாதத்தில் அட்டைக் காது கிழியும், பிறகு அது அலுமாரிக்கு மேலே போகும். எட்டு வயதுப் பையனுக்கு உண்மையில் நல்ல பேய் வீடு வேண்டுமென்றால் பிரையன் யூ வடிவமைத்தது ஒன்று இருக்கிறது, 2014இல் அதே ஜெர்மன் சிறுவர் விருதை எடுத்தது, ஆங்கிலப் பெட்டியில் 'கோஸ்ட் ஃபைட்டின் டிரெஷர் ஹன்டர்ஸ்' என்று இருக்கும்.

இதில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை, எல்லாரும் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். வீட்டுக்குள்ளே எட்டு இரத்தினக் கல் இருக்கிறது, ஒவ்வொருவருடைய காயின் முதுகிலும் பை மாதிரி ஒரு பள்ளம், கல்லை அதில் செருகிக்கொண்டு வெளியே ஓடி வர வேண்டும். இதற்கிடையில் அறைகளில் பேய் சேரும். ஒரு அறையில் மூன்றாவது பேய் வந்தால் அது பெரிய சிவப்புப் பேயாக மாறும், அதைத் தனியே அடிக்க முடியாது, இன்னொருவர் அதே அறைக்கு வர வேண்டும். அப்படி ஆறு பெரிய பேய் சேர்ந்தால் எல்லாருக்கும் தோல்வி. பெட்டியில் எட்டு வயது என்று போட்டிருக்கும். ஆனால் ஐந்து வயதுக்காரி அண்ணனோடு ஒரே பக்கம் என்பதால் சேர்ந்து ஆடலாம், "நீ அந்த அறைக்குப் போ, நான் வருகிறேன்" என்று இரண்டும் திட்டம் போடும். சண்டை பிடிக்கிற பிள்ளைகளுக்கு இது மருந்து. குண்டு போட்டுத் தங்கையின் காயை விழுத்துகிற விளையாட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுகிறாள் என்று இங்கே வந்து எழுதக் கூடாது.

தாயக்கட்டை எழுதியது:

அந்த விளையாட்டு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பையன் கேட்டது விழுகிற மண்டையோடு. பசிக்கிறது என்பவனுக்கு ஒழுங்கான சத்துணவு அட்டவணை கொடுத்த மாதிரி இருக்கிறது உங்கள் பதில்.

தேடும்போது '13 டெட் எண்ட் டிரைவ்' என்று ஒன்றும் வரும், 1993இல் வந்தது, மாளிகை எழும்பி நிற்கும், சரவிளக்கு விழும், படிக்கட்டு கவிழும், பார்க்க மிகவும் ஆசையாக இருக்கும். ஆனால் கதை, சொத்துக்காக ஆளுக்கு ஆள் கொல்வது. யாருடைய ஆள் எது என்பதை மறைத்து ஏமாற்ற வேண்டும். ஐந்து வயது தன் சீட்டை எல்லாருக்கும் காட்டிவிடும். இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

பிரிஸ்டல்_போர்ட் எழுதியது:

நான் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். காசை மிச்சம் பிடியுங்கள், வீட்டிலேயே செய்யுங்கள், லீவில் செய்ய அதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் தயவுசெய்து ஐரோப்பியக் கோட்டை செய்யாதீர்கள். வெள்ளவத்தைப் பிள்ளைக்குப் புகைபோக்கி எதற்கு? உங்களிடம் அதைவிட நல்ல சாமான் இருக்கிறது: லிஃப்ட். கரண்ட் போனால் நடுவில் நிற்கும், கதவு மூடும்போது சத்தம் போடும், நாலாம் மாடியில் யாரும் அமத்தாமலே திறக்கும். நான் பிள்ளைகளிடம் 'உங்கள் பிளட்டில் எந்த இடம் பயம்' என்று கேட்டபோது வந்த விடைகள்: ஜெனரேட்டர் அறை, கீழே கார் பார்க், குப்பை போடும் அறை, மேலே தண்ணீர்த் தாங்கி. சரி, அதுவே உங்கள் போர்ட்.

400 கிராம் பால்மா பெட்டிகள் நாலை வெட்டிப் படுக்க வைத்தால் நாலு அறை. நடுவில் லிஃப்ட் குழாய். டொய்லட் பேப்பர் சுருளின் உள்அட்டை மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக டேப் சுற்றி ஒட்டினால் போளை (கண்ணாடிக் கோலிக்குண்டு) தாராளமாகப் போகும். இப்போதுதான் முக்கியமான வேலை. வெறும் குழாயில் போட்டால் போளை நேராக விழுந்து எப்போதும் ஒரே பக்கம் வரும், பிள்ளை இரண்டு ஆட்டத்தில் அதைக் கண்டுபிடித்துவிடும். பல் குத்தும் குச்சிகளைக் குழாயின் ஒரு பக்கத்தால் குத்தி மறுபக்கத்தால் எடுங்கள், ஒவ்வொன்றும் வேறு திசையில், ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் குறைந்தது 3 சென்ரிமீற்றர். நெருக்கிக் குத்தினால் போளை சிக்கிக்கொள்ளும். வெளியே நீட்டும் கூர் முனைகளை வெட்டிவிட்டு டேப் ஒட்டுங்கள். போளை ஒவ்வொரு குச்சியிலும் இடமோ வலமோ என்று மாறி மாறித் தட்டி வருவதால் கடைசியில் எந்த வாசலால் வெளியே வரும் என்று செய்த உங்களுக்கே தெரியாது. அடியில் கடதாசியில் சின்னக் கூம்பு ஒன்று செய்து கூர் மேலே பார்க்க ஒட்டி, குழாயின் அடியில் நாலு பக்கமும் 2 சென்ரிமீற்றர் அகல வாசல் வெட்டுங்கள். அறையின் தரை நடுவிலிருந்து வெளியே கொஞ்சம் சரிய வேண்டும், குழாய்ப் பக்கம் ஒரு துண்டு ரெஜிபோம் (பொருட்களைப் பொதி செய்ய வரும் வெள்ளை நுரை அட்டை) வைத்தால் காணும்.

கவிழும் படிக்கட்டு வேண்டுமென்றால் பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த சித்திர அட்டையை விசிறி மடிப்பு மடித்து மேல் ஓரத்தை மட்டும் டேப்பால் ஒட்டி, கீழ் ஓரத்தை நிமிர்த்தி வைத்த ஒரு நெருப்புக்குச்சியின் மேல் தாங்க வையுங்கள். போளை வந்து குச்சியைத் தட்டினால் படி சரியும், மேலே நிற்கிற காய் உருண்டு கார் பார்க்குக்கு வரும். குச்சி சரியாக நிற்க நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும், மகனிடம் கொடுங்கள், அவன் விடமாட்டான்.

விதி எளிது. கேட்டில் தொடங்கி, நாலு அறையும் சுற்றி, படியேறி, மொட்டை மாடித் தாங்கியைத் தொட்டவர் வெற்றி. தாயத்தில் ஆறு விழுந்தால் லிஃப்டில் போளை போடலாம். காய் விழுந்தால் அந்த அறையின் வாசலுக்குத் திரும்ப வேண்டும். தங்கச்சி அழுவாள் என்றால் போளை போடும் முறை எப்போதும் கடைசியாக நிற்பவருக்கு என்று வையுங்கள், அநேகமாக அது அவளாகத்தான் இருக்கும்.

கொட்டாஞ்சேனை_அம்மா எழுதியது:

லிஃப்ட் யோசனை பிரமாதம் சேர். ஒளிரும் மண்டையோடு ஆசைப்பட்டால் போளைக்கு இருட்டில் ஒளிரும் பெயின்ட் பூசலாம், கைவினைச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மலிவானது கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், ஸ்ட்ரோன்சியம் அலுமினேட் என்று போட்டிருப்பது மணித்தியாலக் கணக்கில் ஒளிரும். இரண்டையும் முதலில் விளக்குக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எவ்வளவு நல்லது.

இன்னொன்று. காந்தப் பேய்க்கு மலிவான போலிகள் வருகின்றன, பெயரில்லாத பெட்டியில். காந்தம் கழன்று விழுகிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டையே விழும், அது ஆஸ்பத்திரி விஷயம்.

பார்சல்_மாமா எழுதியது:

கடல் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மரைன் டிரைவ் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் அட்டை இரண்டு கிழமையில் அப்பளமாக வளையும். வாங்கியது என்றாலும் செய்தது என்றாலும் சுவர் அட்டைகளைக் கழற்றி, தட்டையாக அடுக்கி, மேலே ஒரு டெலிபோன் டைரக்டரி மாதிரிப் பாரமான புத்தகம் வைத்து, மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் உள்ளே போடுங்கள், சின்னவளின் கைக்கு எட்டாமல்.

வெள்ளவத்தை_அலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜெர்மனியில் இருக்கிற மச்சாளிடம் காந்தப் பேய்க்குச் சொல்லிவிட்டேன், அவர் ஜனவரியில்தான் வருகிறார். அதுவரைக்கும் லிஃப்ட் வீடு. நேர்_பேச்சு அண்ணா, நீங்கள் சொன்ன எட்டுக் கல் விளையாட்டை மகனுடைய பிறந்தநாளுக்கு எழுதி வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். பால்மா பெட்டி சேர்க்கத் தொடங்கியாயிற்று, மாமி தானாகவே அடுத்த வீட்டில் இரண்டு கேட்டு வாங்கி வந்தார், எதற்கென்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சேர், ஒரு கேள்வி: கூம்பு கடதாசியில் செய்தால் போளை விழுந்து விழுந்து நசுங்காதா?

பிரிஸ்டல்_போர்ட் எழுதியது:

நசுங்கும். உள்ளே நனைத்த கடதாசியைக் கம்மோடு பிசைந்து இறுக்கி அடைத்து, ஒரு நாள் காய விட்டு, பிறகு ஒட்டுங்கள். அல்லது ஐஸ்கிறீம் கோன் பிளாஸ்டிக் மூடி கிடைத்தால் அதையே கவிழ்த்து வையுங்கள், இன்னும் நல்லது.